வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?

"அந்தத் தோலைக் குடுத்தவங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா டாக்டர்?"

மகேஸ்வரி அண்ணி இப்படிக் கேட்டதும், எனக்கு அப்படியே நாற்காலிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாம் போல ஆயிடுச்சு.

டாக்டர் தீபா பேனாவைக் கீழே வச்சாங்க. "என்ன கேட்டீங்க?"

"இல்லீங்க, சாப்பாட்டு விஷயம். சரி, ஆணா பொண்ணா? அதையாவது சொல்லுங்க. வெத்தலை, பீடின்னு ஏதாச்சும் பழக்கம் உண்டுங்களா?"

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டா. என் வீட்டுக்காரர் பாலன் சுவத்துல இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பிச்சுட்டார்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கேன்சருக்காக எனக்கு ஒரு பக்க மார்பை எடுத்துட்டாங்க. எங்க விஜயநகர் ஏரியாவுல பாதிப் பேருக்கு அளவெடுத்து பிளவுஸ் தைக்கிற டெய்லர் நான். என் பிளவுஸுக்குள்ள மட்டும் ஒரு பக்கம் பஞ்சு வச்சுத் தச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். இப்போ அந்த இடத்தைத் திரும்ப உருவாக்க ஒரு ஆபரேஷன்.

"உள்ள சிலிகான் வைப்போம். அது நழுவாம தாங்கிப் பிடிக்க, இறந்தவங்க தானமா குடுத்த தோல். நல்லா சுத்தம் பண்ணி, மெல்லிசா ஒரு அடுக்கா எடுத்து உள்ள வச்சுத் தைப்போம்"னு டாக்டர் அப்பத்தான் சொல்லி முடிச்சிருந்தாங்க.

"பிளவுஸுக்கு லைனிங் குடுக்கற மாதிரியா?"ன்னு கேட்டேன்.

"அதேதான் வடிவு! ஆனா இந்த லைனிங்குக்குள்ள போகப் போக உங்க ரத்தமே ஓடும். உங்க உடம்பாவே ஆயிடும்."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு ஆரம்பிச்சாங்க.

"பேர், ஊர் எதுவும் சொல்ல மாட்டாங்கம்மா. எங்களுக்கே தெரியாது." டாக்டர் குரல்ல சூடு ஏறிடுச்சு.

"அப்படிங்களா..." அண்ணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க.

அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா. கல்யாணமே வேண்டாம்னு எங்களோடவே இருக்கறவங்க. கீமோ சமயத்துல நான் வாந்தி எடுக்க எடுக்க, "நீ படு கண்ணு, நான் பாத்துக்கறேன்"னு முகம் சுளிக்காம கழுவி ஊத்தினவங்க. அந்த வாயில இருந்தா இப்படி ஒரு கேள்வி? அடுத்து சாதியைக் கேப்பாங்களோன்னு பயந்து, "போலாம் அண்ணி"ன்னு எழுந்துட்டேன்.

ஆட்டோவுல ஏறினதும் கேட்டேன். "ஏன் அண்ணி அப்படிக் கேட்டீங்க?"

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவோம்?"

அவ்வளவுதான் பதில்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஒவ்வொரு செக்கப்புக்கும் அண்ணி கூடவே வந்தாங்க. "கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்களேன், ஆணா பொண்ணான்னாவது"ன்னு விடாம நச்சரிச்சாங்க. மூணாவது தடவை, அவங்களை வராண்டாவுலயே உட்கார வச்சுட்டு நான் மட்டும் உள்ள போனேன்.

மஹாளய அமாவாசை வந்துச்சு.

எங்க வீட்டுல அன்னிக்குப் பெரிய படையல், அமாவாசைன்னாலும் எங்க வழக்கத்துல கறி உண்டு. போய்ச் சேர்ந்தவங்களுக்கு எது புடிக்குமோ அதைத்தான் இலையில வைக்கணும். மாமனாருக்குக் கறிக்குழம்பும் பீடிக்கட்டும். மாமியாருக்கு ஒப்பட்டு, அதான் போளி, கூடவே வெத்தலையும். ஒண்ணு குறைஞ்சாலும் அண்ணி சாமியாடிடுவாங்க.

எப்பவும் போல நான் வெங்காயம் உரிக்கப் போனேன்.

"வடிவு, அடுப்படிக்குள்ள வராதே! தலைக்கு ஊத்திக்கிட்டு வெளியவே உக்காரு."

சுருக்குன்னு இருந்துச்சு. அப்போ அதுதான் விஷயம். செத்தவங்க தோல் என் உடம்புக்குள்ள இருக்கு. படையல் சமைக்கிற இடத்துக்கு நான் ஆகாதவ. தீட்டு.

குளிச்சுட்டு வந்து என் வீட்டுக்காரர்கிட்ட அழுதுட்டேன். "நான் ஹனூருக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன். உடம்பு முழுசா ஆயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். இந்த வீட்டுல நான் பாதி ஆளாயிட்டேன்."

"அக்கா சுபாவம் தெரியாதா வடிவு, எதை நினைச்சுச் சொல்லுச்சோ..."

"நீங்க காலண்டரையே பாத்துக்கிட்டு இருங்க!"

பையில நாலு துணியை அடைச்சேன். அதுக்குள்ள ஹால்ல இருந்து சத்தம். "வடிவு! இங்க வா!"

இருக்கட்டும், மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டே கிளம்புவோம்னு பையோடவே போய் நின்னேன்.

மாமனார் மாமியார் போட்டோவுக்கு முன்னாடி எப்பவும் ரெண்டு இலைதான். அன்னிக்கு நாலு.

மூணாவது இலையில கறி, மீன் வறுவல், அவிச்ச முட்டை, ஓரத்துல ஒரு பீடிக்கட்டு. நாலாவது மட்டும் தனியா, கறி வாசம் படாத தூரத்துல. அதுல பருப்பு, பொரியல், பாயசம், வெத்தலை பாக்கு. பக்கத்துல புதுசா ஒரு வேட்டி, ஒரு சேலை.

"இது... யாருக்கு அண்ணி?"

"உனக்குத் தோல் குடுத்தவங்களுக்குத்தான், வேற யாருக்கு? அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு இலையோட முடிஞ்சிருக்கும். ரெண்டு சமையல் சமைச்சு என் இடுப்பே ஒடிஞ்சு போச்சு."

பை கையில இருந்து நழுவிடுச்சு. அண்ணி அதைப் பாத்தாங்க, என்னன்னு கேக்கல. சூடத்தட்டை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"நீதான் காட்டணும். அதுக்குத்தான் அடுப்படிப் பக்கம் வராம சுத்தமா உக்காரச் சொன்னேன். எங்களுக்கு அவங்க யாரோ எவரோ. ரத்த சொந்தம் நீ ஒருத்திதானே கண்ணு!"