தூதர் வீட்டு விருந்து

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க!”

ஒரு வாய் சூப்பிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார் தூதரின் சித்தப்பா. மேசையே சிரித்தது. தூதரின் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது.

நாடு நாடாகத் தூதர் வேலை பார்த்து, மந்திரிகளோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசிவிட்டு, போன வாரம்தான் ஓய்வு பெற்று வீடு வந்திருக்கிறார் கணவர். பிள்ளைகள் படிப்புக்காக அவள் இங்கேயே தங்கிவிட்டவள். சொந்தபந்தத்துக்கு வைத்த முதல் விருந்தே இப்படியா, கடவுளே!

போதாக்குறைக்கு, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையே இல்லாத தன் அக்காவையும் தங்கையையும் அவர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அம்மா இறந்த சேதியை அக்கா தனக்குக் கடைசியாகச் சொன்னாள் என்று தங்கைக்குக் கோபம். அதற்குப் போய்க் கோபப்படலாமா என்று அக்காவுக்குக் கோபம். ஏழு வருஷமாக முகத்தில் முழிப்பதில்லை.

“என்னங்க, ஊர் உலகத்துக்கெல்லாம் விருந்து வெச்சீங்க. நம்ம வீட்டுல யாரை எங்க உட்கார வைக்கறதுன்னு தெரியலையே!” என்று கணவரின் காதைக் கடித்தாள்.

அவர் அசரவில்லை. “தங்கச்சி பக்கத்துல உப்பு இருக்கு. கேட்டு வாங்கிக்குங்க” என்றார் பொதுவாக.

“இத்தனை பேருக்கு ஒரே ஒரு டப்பாவா? ஏம்பா, இவ்வளவு பெரிய உத்தியோகம் பார்த்து என்னத்தைக் கிழிச்சே?” என்றார் சித்தப்பா.

தங்கை தன் கிண்ணத்தில் உப்பைக் கொட்டினாள். ருசி பார்த்தாள். மறுபடியும் கொட்டினாள். அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பவும் கை போனதும், டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“போதும்டி! பிரஷருக்கு மாத்திரை போடறவளுக்கு இவ்வளவு உப்பு எதுக்கு?”

தங்கை சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“நான் மாத்திரை போடறது உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன? பேசலைன்னா விசாரிக்கக்கூட மாட்டேனா?”

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “நீ மட்டும் என்ன ஒழுங்கு? சர்க்கரையை உடம்புல வெச்சுக்கிட்டு, வந்ததும் வராததுமா கேக்கை முழுங்கினியே, நான் பார்க்கலையா?”

“அடி கழுதை!” என்றாள் அக்கா. அவ்வளவுதான், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகிவிட்டார்கள்.

தூதரின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு ஓடினாள். கணவர் போன நாட்டுக்கெல்லாம் கூடவே போய்ச் சமைத்துப் போட்ட சமையல்காரர் அடுப்பருகே நின்றிருந்தார்.

“அண்ணே, நீங்க உப்பு போட மறந்ததுக்கு உங்க கைக்குத் தங்கக் காப்பே போடலாம்!”

“மறக்கறதாவது! முறைச்சுக்கிட்டிருக்கற ரெண்டு பேர் விருந்துக்கு வந்தா, எதுலயும் உப்பு போடாதே, மேசையில ஒரே ஒரு டப்பா வைன்னு ஐயா உத்தரவும்மா. எத்தனை மந்திரிங்க என் சமையலைச் சேர்ந்து திட்டித் திட்டியே சமாதானமாப் போயிருக்காங்க, தெரியுமா!”