நாற்பத்திரண்டாவது கட்டுரை

நிலத்தடி நீர் ஆய்வாளர் பிரகலாதன் இறந்து இரண்டு வருடமாகிறது. அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில், அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் நாற்பத்தொன்று என்று அவர் மனைவி மகாதேவிதான் எண்ணிப் போட்டாள்.

கம்பஸில் அவருடன் வேலை செய்த லக்ஷன் மடிக்கணினியோடு கொக்குவில் வீட்டுக்கு வந்தான். ஆய்வாளர்களைத் தேடித்தரும் இணையத்தளம் ஒன்றில் கிணற்று நீர் பற்றித் தேடியிருக்கிறான். முதல் பெயரே பிரகலாதன்.

"அக்கா, அண்ணைக்கு நாப்பத்திரண்டு கட்டுரை எண்டு காட்டுது."

"பிழையாக்கும். திறவும், பாப்பம்."

கட்டுரை நேற்று ஏறியிருந்தது. அட்டவணையில் அவர்களுடைய வீட்டு வளவுக் கிணறும் இருந்தது. வெள்ளிதோறும் விடிய ஆறு மணிக்கு அவர் நாடா விட்டு அளந்த கிணறு. இப்போது யாரும் அளப்பதில்லை. அந்த நேரத்தில் மகாதேவி மட்டும் அங்கே தனியே போய் இருந்துவிட்டு வருவாள்.

கடைசி வரியில் போன வெள்ளிக்கிழமைத் திகதி. நீர்மட்டம் பதினொரு அடி. நேரம் ஆறு இருபது.

"அவர் ஒரு நிமிசமும் பிந்தமாட்டாரே," என்றாள் மகாதேவி.

பக்கத்திலிருந்த குறிப்பை லக்ஷன் மெதுவாக வாசித்தான்.

"மனைவி கிணற்றடியில் இருந்து அழுதாள். எழும்பிப் போகும்வரை காத்து நின்றேன்."