ஒரு விரல் அகலம்

செயின்ட் வின்சென்ட் தீவின் புதுக் கண் டாக்டர் ஸெல்மாவைப் பார்க்க வந்த கூட்டம், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒலிம்பிக் தேர்வில் அவள் நீளம் தாண்டியதைப் பற்றியே சண்டை போட்டது. ஃபவுல் என்று சொல்லிவிட்டதால்தான் அவள் மருத்துவம் படிக்கப் போனாள்.

"ஃபவுல்தாம்மா. ஒரு விரல் அகலம் பலகையைத் தாண்டி மிதிச்சே," என்றபடி உள்ளே வந்தார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒலிவியர்.

"சரிங்க சார். எதிர்ல மூணாவது வரியைப் படிங்க."

"வரி எங்கம்மா இருக்கு?"

"எப்பலேருந்து இப்படி?"

"வாத்தியாரானதுலேருந்தே. பசங்க கேலி பண்ணுவாங்கன்னு கண்ணாடியே போடலை."

ஸெல்மா அவருக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டினாள். "அன்னைக்குச் சிவப்புக் கொடி தூக்கின நடுவர் நீங்கதானே சார்?"

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெள்ளைக் கைக்குட்டையை உயரத் தூக்கினார்.

"தாண்டினது செல்லும்."

நாற்காலிகள் உருள, மொத்தக் கூட்டமும் துள்ளி எழுந்தது.