கத்தரியின் கரிசனம்

மூடுபனி இறங்கி வந்து படுத்துக்கொள்ளும் ஒரு மலைப் பூங்காவில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நின்றன. செடி வெட்டும் கத்தரி அவற்றின் மேல் உயிரையே வைத்திருந்தது. முதல் மரத்தின் நுனி பழுப்பாகக் காய்ந்ததும் துடித்துப்போய் ஓடியது. நோய்க் கிளையை நறுக்கிவிட்டு, பிசின் ஒட்டிய அதே வாயோடு அடுத்த மரத்தை நலம் விசாரித்து, அதன் நுனியையும் செல்லமாகத் திருத்திவிட்டு வந்தது. சில நாளில் அதுவும் காய்ந்தது. அப்புறம் அதற்கடுத்ததும்.

"அக்கா, ஒரு மரத்தை முடிச்சதும் எங்கிட்ட வாயைக் கழுவிட்டு அடுத்ததுக்குப் போங்களேன்," என்றது கொட்டகை அலமாரியிலிருந்த ஸ்பிரிட் புட்டி. "மரத்து மேல பனி ஈரமும் காயட்டுமே."

"அங்கே உயிர் போகுது, நான் இங்கே வாய் கொப்பளிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று சீறிவிட்டுப் போனது கத்தரி.

பனி லேசாக விலகிய ஒரு காலையில் அது கொட்டகை வாசலில் நின்று பார்த்தது. வரிசை முழுக்கப் பழுப்பு. கோடியில் ஒரே ஒரு குட்டி மரம் மட்டும், யாரோ கண்ட கனவுபோல, பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.



"ஐயோ பாவம்! அந்தப் பிள்ளையை நான் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லையே!" என்று கத்தரி ஈரப் புல்லில் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது.