முதலில் வந்தவர்

அதிகாரி படியேறி வந்தபோதே அக்கரைக்காரர் வரவேற்பறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். படிய வாரிய ஈரத் தலை, மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்து ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“வணக்கம் மேடம். எங்க பாலம் விஷயமா…”

“கூட்டத்துல பேசிக்கலாங்க. உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். இந்த வருஷம் ஒரு பாலத்துக்குத்தான் நிதி. கையேந்தி நிற்பதோ ஆற்றுக்கு அக்கரை, சந்தைப்பக்கம் என்று இரண்டு வட்டாரம்.

மனுக்களை நம்புவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். எல்லா மனுவிலும் ஒரே நோயாளி பாதி வழியில் உயிரை விடுவார். அதனால் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தாள்: கூட்டத்துக்கு யார் எப்போது வந்து சேர்கிறார், எந்தக் கோலத்தில் வருகிறார் என்று பார்ப்பாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கேட்டால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட்டம் பாதி ஓடிய பிறகுதான் சந்தைப்பக்கத்துத் தலைவர் நுழைந்தார். முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கியது.

“மன்னிக்கணும் மேடம். எங்க ஓட்டைப் பாலத்துல லாரி மாட்டிக்கிச்சு. இறங்கித் தள்ளிட்டு வர்றேன்.”

“மாட்டிக்கவாவது உங்களுக்கு ஒரு பாலம் இருக்கே அண்ணே” என்றார் அக்கரைக்காரர். அறை சிரித்தது. அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். “போன மழையில ஒரு பிள்ளை படகுலயே பொறந்துச்சு மேடம். தாயைக் காப்பாத்த முடியலை.”

“எங்க பக்கமும்தான் லாரியில பொறந்துச்சு” என்றார் தலைவர்.

அவள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். இதையெல்லாம் எத்தனை வருஷமாகக் கேட்கிறாள்.

மதியம் உதவியாளர் கோப்போடு வந்து நின்றார். “யாருக்குன்னு எழுதட்டும் மேடம்?”

“சந்தைப்பக்கத்துக்கே எழுதுங்க.”

“அக்கரையில பாலமே கிடையாதாமே. பாவம், அந்த மனுஷன்.”

“ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே குளிச்சு முழுகி வந்து உக்காந்திருந்தாரே, பாக்கலையா? அவ்வளவு சுளுவா வர முடியுதுல்ல. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

உதவியாளர் கோப்பை விரித்து நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கோப்பு அப்போதே மேலே போனது. அங்கே முத்திரையும் விழுந்தது. யாருக்கும் வஞ்சகம் செய்யவில்லை என்ற நினைப்பு இன்றைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் கால் வலிக்கப் படியிறங்கினாள். வாட்ச்மேன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் அக்கரைக்காரர் ஒரு போர்வையை விரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பை தலைமாட்டில் இருந்தது.

“நீங்க இன்னும் ஊருக்குக் கிளம்பலையா?”

“கடைசிப் படகு மத்தியானமே போயிருக்கும் மேடம்” என்றவர், காய்ந்த துண்டை எடுத்து மடித்துப் பையின் மேல் வைத்தார்.

“பழகிடுச்சு. நேத்தும் இந்தப் பெஞ்சுலதான் படுத்திருந்தேன்.”