மூணாம் நம்பர் மிஷினின் முதல் பீஸ்

"சிரிக்க ரெடியா இரு. ஆனா இப்பவே சிரிச்சுத் தொலைக்காத" என்றார் பென்சன்.

வேடியப்பன் இப்போதே வாயைப் பொத்திக்கொண்டான்.

பென்சன் மிமிக்ரி செய்ய வாயைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். திருத்தணி ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்லும் அம்மா வருவார், திருப்பதி பஸ் கண்டக்டர் வருவார். இன்றைக்கு வரப்போவது பட்டறை முதலாளி பஞ்சாட்சரம். நிஜமான பஞ்சாட்சரம் காலையிலேயே சென்னைக்குப் போய்விட்டார். அது அனிதாவுக்குத் தெரியாது என்பது பென்சனின் கணக்கு.

"எதுக்குண்ணா இந்த வம்பு?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்டா. பதினாறு வருஷமா இரும்பு கடையற சிஎன்சி மிஷின் ஓட்டறேன். இங்க அஞ்சு மிஷின் இருக்குது. இந்த அனிதா தினம் காலைல என் மிஷினுக்கு மட்டும் இன்னாத்துக்கு வருது? நான் அளந்து வச்ச முதல் பீஸை மறுபடி அளக்குது. முதுகைக் காட்டிக்கினு பேனல்ல என்னமோ தட்டிட்டுப் போவுது. உன் மிஷினுக்கு வருதா?"

"வராதுண்ணா."

"பார்த்தியா! டீம் லீடராகி எட்டு மாசம் ஆகல, அதுக்குள்ள என் மேல சந்தேகம். அது வாயாலயே வரவழைக்கிறேன். அப்புறம் சிரிக்கலாம்."

வேடியப்பன் ஸ்டோர் ரூம் வாசலில் காவலுக்கு நின்றான். பென்சன் உள்ளே இன்டர்காமை எடுத்தார். முதலாளிக்கு முன்னால் எப்போதும் அவர் இருமல்தான் வரும். அதையும் விடவில்லை.

"க்ஹும்... ஆங், அனிதாவா? பஞ்சாட்சரம்."

"சொல்லுங்க சார்."

"மூணாம் நம்பர் மிஷின்ல தினம் இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கிற? அந்த பென்சன் நல்லா வேலை தெரிஞ்சவனாச்சே!"

வாசலில் வேடியப்பனின் தோள்கள் குலுங்கின. பென்சன் விரலை ஆட்டி எச்சரித்தார்.

எதிர்முனையில் அனிதா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கேக்கறீங்களேன்னு சொல்றேன் சார். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

பென்சன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"போன மாசம் நாப்பது பீஸ் திரும்பி வந்துச்சே, இரும்பு சரியில்லன்னு எல்லாரும் நினைச்சுக்கினு இருக்காங்க. இரும்பு நல்ல இரும்புதான் சார். பென்சன் அண்ணனுக்கு அளக்கற கருவில இருக்கற சின்ன எழுத்து தெரியல. மூணை எட்டுன்னு படிக்கிறாரு. அதை வச்சு மிஷின்ல அளவைத் திருத்தறாரு. அதுலருந்து தினம் அவர் போட்டதை நான் சரி பண்ணிட்டு வர்றேன்."

பென்சனுக்கு இருமல் மறந்துபோனது.

"அவரை மிஷினை விட்டு எடுத்து பேக்கிங்ல போடுன்னு சொன்னதே நீங்கதானே சார். முதல் பீஸ் என் பொறுப்புன்னு நான் மல்லுக்கு நின்னேன். ஞாபகம் இருக்குங்களா?"

"ஆ... ஆங்."

"அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நாலு பேர் எதிர்ல சொன்னா தாங்க மாட்டாரு. தனியாச் சொன்னா, என்னை மாதிரியே பேசிக் காமிச்சு சிரிச்சு மழுப்பிடுவாரு."

வேடியப்பன் தலையை நீட்டி, 'சிரிக்கலாமா?' என்று சைகை காட்டினான். பென்சன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சனிக்கிழமை அரக்கோணத்துல கண் டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன் சார். ஒரு கண்ணாடி போட்டா போதும். அன்னிக்கு அவர் மிஷினை நானே ஓட்டறேன். போவாருங்களா?"

பென்சன் தொண்டையைச் செருமினார். வந்த குரல் பஞ்சாட்சரத்துடையதும் இல்லை, கண்டக்டருடையதும் இல்லை.

"போவான்மா. நான் சொல்றேன்."

"ரொம்ப நன்றி சார். இப்ப போனை வச்சுட்டுக் கெளம்புங்க. உங்க மிஷின்ல பீஸ் முடிஞ்சு, மஞ்சள் விளக்கு அப்பவே புடிச்சு எரிஞ்சுகினு இருக்குதுண்ணா."