விடாக்கண்டன் கோக்கர்

ஆபரேஷன் தட்டில் கிடந்த கோக்கர் இடுக்கி, பக்கத்திலிருந்த பல்லில்லாத பாப்காக் இடுக்கியிடம் தன் கூர்ப்பல்லைக் காட்டி இளித்தது. "ஏய் பொக்கைவாய்! பல்லே இல்லாம நீ எதைப் பிடிக்கப் போறே? நான் கவ்வினா விடவே மாட்டேன், தெரியுமில்ல?"



டாக்டர் நோயாளியின் வயிற்றைத் திறந்தார். கோக்கரைப் பார்த்ததும் குடல் அலறியது. "ஐயோ, இந்தக் கடியனா? என்னைக் கிழிச்சிடுவான்! பொக்கையண்ணே, நீங்களே வந்து பிடிங்க!"

பாப்காக் வலிக்காமல் பிடித்துக்கொண்டது.

"அப்ப எனக்கு?" கோக்கர் முறைத்தது.

"வெட்டி எறியப்போற குடல்வால் இருக்கே, அதைக் கடிச்சுக்கோ!" என்றது குடல்.

கோக்கர் 'டிக் டிக்'கென்று கவ்வியது. டாக்டர் குடல்வாலை வெட்டி வாளியில் போட்டார்.

தைப்பதற்கு முன் எண்ணிப் பார்த்த நர்ஸ் பதறினார். "டாக்டர், ஒரு இடுக்கி குறையுது!"

வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பார்த்தீங்களா? இன்னும் விடல!"